‘நேத்தே அனுப்பிட்டேன்’ செய்கிற வேலை

ஆங்கிலத்தில் இறந்தகாலம் சொல்லும்போது நாம் செய்யும் தவறுகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில், ‘யெஸ்டர்டே’ வந்தால் ‘ஹேவ்’ போடாதீர்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நாம் ஏன் சரியாக அங்கேயே வழுக்குகிறோம் என்பதையும் சொல்லியிருக்கலாம். நான் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ‘ஐ ஹேவ் சென்ட் த இன்வாய்ஸ் யெஸ்டர்டே’ என்று எத்தனை மெயில் தட்டியிருப்பேனோ! மனசுக்குள் ஓடுவது ‘நேத்தே அனுப்பிட்டேன்’. அந்த ‘ட்டேன்’, அதாவது ‘விட்டேன்’, வேலை முடிந்தது என்று அழுத்திச் சொல்கிறது. அந்த அழுத்தத்தை ஆங்கிலத்தில் பிடிக்கப் போய் ‘ஹேவ்’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. வெறும் ‘ஐ சென்ட் இட் யெஸ்டர்டே’ எனக்கு இன்னமும் மொட்டையாகத்தான் தெரிகிறது.

ஆனால் ‘டிட் நாட் கம்’ என்பதற்குப் பதில் ‘டிட் நாட் கேம்’ என்று சொல்லிவிடும் விஷயத்தில் தமிழைக் குறை சொல்ல முடியாது. ‘வரவில்லை’யில் ‘வர’ காலம் காட்டுவதில்லை. ‘வந்தவில்லை’ என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் அதே கணக்குதான். காலத்தை ‘டிட்’ சுமந்துவிட்டது, அப்புறம் ‘கேம்’ எதற்கு? மகளுக்கு இப்படிச் சொன்னதும் ஒரே நாளில் பிடிபட்டது. பள்ளியில் மூன்று வருஷமாக வினைச்சொல் அட்டவணையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

இன்னொன்று, ‘டிட் யூ ஈட் ஆல்ரெடி?’ தப்பு என்று போட்டிருக்கிறீர்கள். அமெரிக்கர்கள் பேச்சில் சாதாரணமாக அப்படிக் கேட்கிறார்கள். ‘ஹேவ் யூ ஈட்டன்?’ அங்கேயும் உண்டு, ஆனால் பிரிட்டிஷ் பழக்கத்தில் அதுதான் வழக்கம்.