வாழையில் போட்டது தவளை மரபணு இல்லை

அண்ணாச்சி, "ஆஸ்திரேலியாவில் வாழைக்குத் தவளை மரபணு போட்டுவிட்டார்கள், பழத்திலேயே பூஞ்சைக்கொல்லி விஷம் ஊறும், களக்காட்டுக்கும் வந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றும் தவறு.

குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டேல் குழு, காட்டு வாழை ஒன்றிலிருந்து ஆர்ஜிஏ2 என்ற மரபணுவை எடுத்து கேவண்டிஷ் என்ற வாழை ரகத்தில் சேர்த்தது. வாழையிலிருந்து வாழைக்குத்தான். அது விஷம் சுரக்கும் மரபணுவும் இல்லை. நோய்க்கிருமி உள்ளே நுழைந்ததை உணர்ந்து செடியின் சொந்த எதிர்ப்பைத் தட்டியெழுப்பும் ஏற்பி வகையைச் சேர்ந்தது, வயலுக்குக் காவல் இருப்பவர் சத்தம் கொடுப்பது மாதிரி. கேவண்டிஷிலும் அந்த மரபணு ஏற்கெனவே உண்டு, ஆனால் மிகக் குறைவாகவே வேலை செய்கிறது. வாழையை வாட்டும் டிஆர்4 என்ற பூஞ்சை இருந்த மண்ணில் மூன்று ஆண்டு சோதித்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். அந்த மரபணு சேர்த்து உருவாக்கிய வாழை வகைகளில் ஒன்றுக்கு நோயே வரவில்லை. 2024இல் அங்கே அனுமதியும் கிடைத்தது.

சரி, நம் ஊருக்கு வருவோம். இந்தியாவில் அந்தக் கன்று விற்பனையில் இல்லை. நம் ரஸ்தாளியை வாட்டுவது பெரும்பாலும் அதே பூஞ்சையின் வேறு இனம். ஏத்தன் வாழைக்கோ ரஸ்தாளிக்கோ அந்தக் கன்று பதிலாகாது. யாராவது 'வாடல் வராத ஆஸ்திரேலியக் கன்று' என்று விற்க வந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். வாடல் கண்ட தோட்டத்துப் பக்கக்கன்றையும் எடுக்காதீர்கள். அந்தப் பூஞ்சை மண்ணில் பல பத்தாண்டு கிடக்கும், மண்வெட்டியில் ஒட்டிய மண்ணோடே அடுத்த வயலுக்குப் போய்விடும்.