விரல் மடங்காட்டியும் படிக்கலாமுங்க

"முடக்குவாதம் (மூட்டு வீங்கி வெறைச்சுப்போற நோய்) வந்தவங்க ஆன்லைன் கோர்ஸ்ல சேர்ந்தா நாள் பூரா டைப் பண்ணோணும், பணந்தான் வீண்"னு உங்க பதிவுல சொல்லியிருக்கீங்க அண்ணா. அது தப்புங்க. மத்திய அரசோட ஸ்வயம், ஐஐடிக நடத்தற என்பிடெல்ங்கிற ஆன்லைன் பாடங்கள்ல சேர்ந்து கேக்கறதுக்குக் காசே கிடையாது. தேர்வுக்கு மட்டுந்தான் கட்டணம். வாராந்திரக் கேள்விகளும் பெரும்பாலும் சரியான விடையைத் தொட்டாப் போதும்கிற மாதிரிதான். தமிழ்ல பேசினா எழுத்தாகற வசதி ஜிபோர்டுல (போன்ல இருக்கற கூகுள் கீபோர்டு) 2017லயே வந்திருச்சு.

பெருந்துறையில எங்கக்காவுக்குக் காத்தால டம்ளர் பிடிக்கக்கூட விரல் மடங்காது. வெறைப்பு விட்ட பொறவு, பதினொரு மணிக்கு மேல, போனைத் தலகாணியில சாச்சு வெச்சு வீடியோ பாக்கறாங்க. வலிச்சா நிறுத்திட்டு மிச்சத்தை மக்யா நாள். குறிப்பெல்லாம் வாயில சொல்லித்தான் ஏத்தறாங்க.

சான்றிதழ் தேர்வுக்கு மையத்துக்கு நேர்ல போகோணும், அது நிசம். மத்ததைத் தயவு பண்ணித் திருத்திப்போடுங்க அண்ணா.