பேசுறதை அவங்க பேசிப்பாங்களாம்!

ஞாயிற்றுக்கிழமை பாராட்டு விழாவில் நடந்ததை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். வீடியோ நம்ம ஊர் குரூப் அத்தனையிலும் சுற்றுகிறது, நான் நீட்டிக் கதை சொல்லவில்லை. வெள்ளத்தில் ஓடியாடி உதவிய நம்ம ஊர் இளம்பெண் மைக்கில் பேச ஆரம்பித்ததும், மேடையில் இருந்த பெரியவர்கள் அதைப் பிடுங்கிக்கொண்டு சொன்னது இதுதான்: "பாப்பா, வேலையை நீங்க பாருங்க, பேசுறதை நாங்க பேசிக்கிறோம்." அந்தப் பிள்ளை கேட்க வந்தது, வாறுகாலை, அதாவது சாக்கடை வாய்க்காலை, எப்போ தூர்வாருவீங்க என்று. அதற்குத்தான் மைக்கைப் பிடுங்கினார்கள்.

வேலையை எடுத்துச் செய்யத் தெரிந்தவளுக்கு அதைப் பற்றிப் பேசத் தெரியாதா?

2024 நவம்பர் 20 மறந்துபோச்சா? ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, பாம்பன், தங்கச்சிமடம் எல்லாம் தண்ணி. அன்றைக்கு ராத்திரி எங்களிடம் இருந்தது ஒரே ஒரு டீசல் மோட்டார். இதே பிள்ளைதான் பாலிதீன் பைக்குள் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு நின்றாள். எந்த வீட்டில் மாசமான பொண்ணு, எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஆச்சி, எல்லாம் அதில் இருந்தது. கரண்ட் இல்லாததால் நாலைந்து பேருடைய இன்சுலினை வாங்கி, ஐஸ் நேரே படக்கூடாது என்று துணியில் சுற்றி, மீன் பெட்டியில் வைக்கச் சொன்னதும் அவள்தான். எனக்கு அது தோன்றியிருக்காது, சத்தியமாக.

அப்போது ஒரு பெரிய மனுஷர் வந்து, மோட்டாரை முதலில் என் வீட்டுக்குக் கொண்டா என்றார். "மாமா, உங்களுக்கு மாடி இருக்கு. குடிசைப் பக்கம் முடிஞ்சதும் வர்றோம்." அவள் குரலை உயர்த்தவே இல்லை. அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். மைக்கைப் பிடுங்கிய கை யாருடையது என்று நான் வேறு சொல்லணுமா?

உடனே வருவீர்கள், "அனுபவம் வேண்டாமா?" என்று. அன்றைக்கு ராத்திரி அனுபவம் எல்லாம் மாடியில் இருந்தது. "சான்றிதழுக்காகச் செய்யுறாங்க" என்பீர்கள். சரி, சான்றிதழுக்குக் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டத்தில் (NSS) ரெண்டு வருஷத்துக்கு 240 மணி நேரம், அப்புறம் ஏழு நாள் முகாம். அந்தக் கணக்கெல்லாம் முடிந்த பிறகும் வனத்துறை ஆட்களோடு விடியுமுன் தனுஷ்கோடி மணலில் ஆமை முட்டை தேடி நடக்கிறார்களே, அதற்கு யார் சான்றிதழ் கொடுத்தது? பணம் கொடுத்தது நாங்கள்தானே என்றால், ஆமாம், கொடுத்தீர்கள். ரசீதைப் பாருங்கள், அவள் கையெழுத்துதான்.

21 வயசானால் பஞ்சாயத்துத் தலைவராகவே நிற்கலாம் என்கிறது சட்டம். நம்ம மேடையில் மட்டும் அந்த வயசுக்கு நாற்காலி தூக்கும் வேலைதான். நானும் தூக்கியவன். என்னோடு தூக்கியவர்கள் திருப்பூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள், ஒருத்தனும் ஊர்க் கூட்டம் என்றால் போனைக்கூட எடுப்பதில்லை. இளவட்டம் ஒதுங்கிப்போச்சு என்று திருவிழாவுக்குத் திருவிழா புலம்புவதும் இதே ஆட்கள்தான், அதையும் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டே புலம்புவார்கள். அன்றைக்கு அந்தப் பொன்னாடைகளைத் தட்டில் ஏந்தி நின்றதும் அந்தப் பிள்ளைகள்தான், கவனித்தீர்களா?

மரியாதை இல்லாமல் எழுதுகிறேன் என்று நாளைக்கு வீட்டுக்கு ஆள் வரும். வரட்டும். அடுத்த கூட்டத்து நோட்டீஸில் 'முன்னிலை' என்று என் பேரைப் போட்டிருக்கிறார்களாம். அச்சுக்குப் போகுமுன் எடுத்துடுங்க.