சாரியாஹோவை இரண்டாகப் பிரிக்க வேண்டாம்

ஃபின்லாந்து இசையமைப்பாளர் கையா சாரியாஹோ பற்றி எழுதுபவர்கள் பலரும் அவரது இசை வாழ்க்கைக்கு நடுவே ஒரு கோடு போட்டுவிடுகிறார்கள். 2000க்கு முன் கம்ப்யூட்டர், டேப், பாரிஸின் இர்காம் என்ற இசை ஆய்வுக்கூடம். அதற்குப் பின் ஆபெரா (பாடி நடிக்கும் இசை நாடகம்), பெரிய அரங்குகள், விருதுகள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. 1952இல் ஹெல்சின்கியில் பிறந்து 2023 ஜூனில் பாரிஸில் மறைந்தவர் அவர். நாற்பது ஆண்டுகள் அவரைப் பிடித்து வைத்திருந்தது ஒரே கேள்விதான்: வாத்தியத்தின் ஒலி எங்கே முடிகிறது, மின்னணு ஒலி எங்கே தொடங்குகிறது?

ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் ஃபெர்னிஹோ, கிளாவுஸ் ஹூபர் என்ற இசையமைப்பாளர்கள் இருவரிடமும் படித்தார். ஆனால் கணக்குப் போட்டு அடுக்கும் அந்தப் பாணி அவருக்கு ஒட்டவில்லை. டார்ம்ஸ்டாட் புது இசை முகாமில், ஒலியின் உள்ளமைப்பிலிருந்தே இசையைக் கட்டிய கிரிசே, முராய் ஆகியோரின் இசையைக் கேட்டதும் திசை தெரிந்தது. 1982இல் இர்காம் போய்ச் சேர்ந்தார். அந்த ஆண்டே செய்த 'வெர் ல பிளான்' 15 நிமிட டேப் படைப்பு; கலைஞர்கள் யாரும் இல்லாமல் ஒலிநாடாவிலிருந்தே ஒலிப்பது. மூன்று சுரக் கார்டு (chord, ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டு) ஒன்று இன்னொரு மூன்று சுரக் கார்டாக மாறுகிறது, அவ்வளவுதான் நிகழ்ச்சி. சுரம் நகர்வதே காதுக்குத் தெரியாத அளவு மெதுவான நகர்வு. ஒலியின் நிறத்தை மட்டும் வைத்து நேரத்தை நிரப்ப முடியுமா என்று பார்க்கிறார்.

அவருடைய உண்மையான கண்டுபிடிப்பு இதற்குப் பிறகு வந்தது. சுத்தமான சுரம் ஒரு முனை, இரைச்சல் மறுமுனை; நடுவே உள்ள தூரத்தை வைத்தே இறுக்கத்தையும் தளர்வையும் உண்டாக்கலாம் என்றார். செல்லோவில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வில், விரல் வைக்கும் ஃபிங்கர்போர்டு பக்கம் லேசாகப் போனால் புகை மாதிரி ஒலி. கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் வந்தால் மேல்சுரங்கள் கூசும். அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் சுரம் உடைந்து கரகரப்பாகும். 1986இல் ஒன்பது கலைஞர்களுக்கு எழுதிய 'லிஷ்ட்போகன்' இப்படித்தான் பிறந்தது. செல்லோவின் ஹார்மானிக் (கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் மேல்சுரம்) ஒன்று வில் அழுத்தத்தில் உடையும் தருணத்தைக் கம்ப்யூட்டரில் பகுத்து, உள்ளே இருந்த அதிர்வெண்களிலிருந்து குழுவுக்கான கார்டுகளை எடுத்தார். புல்லாங்குழலும் ஹார்ப்பும் வாசிப்பது ஒரு செல்லோ கம்பியின் உள்வயிற்றை. ஸ்பீக்கரிலிருந்து வருவதை மட்டும் மின்னணு என்று எண்ணுபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

மேடையில் அவர் கேட்ட கருவிகள் ரொம்பக் குறைவு. 'பெட்டல்ஸ்' (1988) தனி செல்லோவுக்கு: எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப், சுருதியை மாற்றிய நகலைச் சேர்க்கும் ஹார்மனைசர், இரண்டே இரண்டு. ஒலிக் கன்ட்ரோலில் உட்காருபவரும் இங்கே ஒரு வாத்தியக்காரர்தான். ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது என்பது இசையின் பகுதி. இதை மறந்து ஆரம்பத்தில் ஒரு லெவல் வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தால் கச்சேரி முழுக்க எதிரொலியில் நனைந்து ஒரே ஈரமாக ஒலிக்கும். எதிரொலி ஏற்கனவே அதிகமுள்ள தேவாலயத்தில் ரிவெர்ப்பைக் குறைத்தே ஆக வேண்டும். ஸ்பீக்கரைக் கலைஞரை விட்டுத் தள்ளி வைத்தால் செல்லோ ஓரிடத்திலும் அதன் நிழல் வேறிடத்திலும் கேட்கும், கலவையே போய்விடும். கம்ப்யூட்டர் ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்துக் கையாளும் பஃபரின் அளவும் முக்கியம்: நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலி அளவீடு) எடுக்கும்போது 128 சாம்பிள் என்றால் சுமார் 2.7 மில்லிசெகண்ட், அந்தத் தாமதத்தைக் காது பொருட்படுத்தாது. 1024க்குப் போனால் 21 மில்லிசெகண்ட். ஹார்மனைசர் சேர்க்கும் தாமதமும் கூடிக்கொள்ள, வில்லின் கூர்மை மழுங்கிவிடும்.

புல்லாங்குழலுக்கான 'நோவாநோவா' (1992) இன்னும் கடினம். வாசிப்பவர் குழலுக்குள்ளேயே சொற்களை முணுமுணுக்கிறார், காலால் பெடலை மிதித்து ஒலிப்பதிவுகளைத் திறக்கிறார். மைக் தள்ளி இருந்தால் மூச்சும் சொல்லும் காணாமல் போய், வெறும் சுரம்தான் மிஞ்சும். கூட்டிக் கொடுக்க மைக்கின் கெயினை (பெருக்கத்தை) ஏற்றினால் ஃபீட்பேக், அதாவது ஸ்பீக்கர் ஒலி மைக்குக்குள் திரும்பி வரும் ஊளை. ஆகவே வாய்க்கு அருகே சின்ன மைக், காற்று நேராக அடிக்காத கோணத்தில். பெடல் தவறுதலாக இருமுறை அழுந்தினால் அதற்குப் பின் வரும் ஒவ்வொரு ஒலியும் ஒரு படி முந்திவிடும். ஓடிக்கொண்டிருக்கும் ஒலிப்பதிவின் எண் கலைஞரின் கண்ணில் படும்படி ஒரு திரை வேண்டும். ஒரு படி பின்னே இழுக்கக் கன்ட்ரோலில் ஓர் ஆளும் வேண்டும்.

இப்போது ஆபெராவுக்கு வருகிறேன். எழுத்தாளர் அமின் மாலூஃப் எழுத்தில் 2000இல் சால்ஸ்பர்க்கில் அரங்கேறிய 'லமூர் த லுவான்' படைப்பிலும் மின்னணு இருக்கிறது. கடல், காற்று, பறவை ஒலிகளை குறிப்பிட்ட சுரங்களை மட்டும் அதிரவைத்து எடுக்கும் ரெசனன்ட் ஃபில்டர்களில் விட்டு, ஆர்கெஸ்ட்ராவின் கார்டுகளுக்குச் சுருதி சேர்த்திருக்கிறார். அலைச் சத்தம் கார்டாக மாறுவதும் கார்டு அலையாகக் கரைவதும் அதே பழைய இரைச்சல்–சுரப் பாதைதான். 2016இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆபெரா இதை மேடையேற்றியபோது, 1903இல் ஆங்கில இசையமைப்பாளர் எதெல் ஸ்மித்துக்குப் பிறகு அங்கே ஒரு பெண்ணின் ஆபெரா என்பதே செய்தியாக ஓடியது. நூற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் என்பது அந்த அரங்கு வெட்கப்பட வேண்டிய கணக்கு. ஆனால் அந்தச் செய்தி இசையை மூடிவிட்டதுதான் எனக்கு வருத்தம்.

புதிதாகக் கேட்பவர்கள் 'பெட்டல்ஸ்' பக்கம் போங்கள். மின்னணு இல்லாமலும் வாசிக்க அனுமதித்திருக்கிறார். முதலில் வெறும் செல்லோவாக ஒரு பதிவு, பிறகு மின்னணுவுடன் ஒன்று, இரண்டும் ஹெட்போனில். அதன்பின் ஆபெராவைப் போடுங்கள்.