எல்போ மாடியில் இருந்தது

போன வாரமும் ஒரு தம்பி கடைக்கு வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். "சார், இந்த ஆப்பைப் போட்டுட்டா உங்க வேலை பாதியாயிரும்." டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஏற்கெனவே சூடு கண்ட பூனை நான்.

மதுரையில் எங்களுடையது பிளம்பிங் சாமான் கடை. மூன்று வருஷத்துக்கு முன் பார்கோடு மெஷினோடு பில்லிங் சாப்ட்வேர் வாங்கினேன். எங்கள் சரக்கில் பாதி உதிரி. எல்போ, டீ, கப்ளிங், டேங்க் நிப்பிள் என்று குழாயை இணைக்கிற சின்னச் சாமான்கள். மூட்டையில் வருகிற இதற்கெல்லாம் யார் உட்கார்ந்து பார்கோடு ஒட்டுவது? காலை எட்டு மணிக்கு நாலு பிளம்பர்கள் சேர்ந்து நின்றால் பையன்கள் துண்டுச்சீட்டில்தான் எழுதினார்கள். அதை ராத்திரி நான் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஒரு வேலை இரண்டு வேலையானதுதான் மிச்சம்.

அப்புறம் ஒரு நாள் கால் சுளுக்கி, கல்லாவை விட்டு நகர முடியவில்லை. பொழுது போகாமல் கடைப்பையன் மாடி ஏறுவதை எண்ணினேன். எட்டிலிருந்து பதினொன்றுக்குள் பதினாலு தடவை. அதில் ஒன்பது தடவை அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் எல்போவுக்கு. கீழே, கை எட்டும் இடத்தில் என்ன இருந்தது தெரியுமா? மாசத்துக்கு ஒன்று விற்றால் அதிசயமான பளபள ஷவர்.

எங்கள் கடையில் பெரியவர் ஒருவர் இருக்கிறார், அப்பா காலத்து ஆள். அவரிடம் சொன்னேன். "இதத்தான தம்பி நாலு வருசமா சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றார். நிஜம்தான். சொல்லியிருக்கிறார். சாப்ட்வேருக்குக் காசு கட்டுவதற்கு முன் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் இடம் மாற்றினோம். கம்பெனி வாரியாக அடுக்கியிருந்ததைக் கலைத்து, தினம் ஓடுகிற சரக்கைக் கீழே கொண்டுவந்தோம். சுடுதண்ணிக்குப் போடுகிற சிபிவிசி சாமானையும் பச்சைத்தண்ணிக்குப் போடுகிற யுபிவிசி சாமானையும் மட்டும் எதிரெதிர்ச் சுவருக்குப் பிரித்தார் பெரியவர். இரண்டிலும் அரை இஞ்ச் என்றுதான் போட்டிருக்கும். ஆனால் குழாயின் வெளிவிட்டம் ஒன்றில் 15.9 மில்லிமீட்டர், இன்னொன்றில் 21.3. ஒன்றில் மற்றது சேராது. அவசரத்தில் மாற்றிக் கொடுத்து, ரிட்டர்ன் வந்து, பிளம்பரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமா?

ஓடுகிற சரக்குக்கு இரண்டிரண்டு பெட்டி. முன்பெட்டி காலியானால் அதிலிருக்கும் அட்டையைக் கல்லா பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு, பின்பெட்டியை முன்னால் இழுக்க வேண்டும். சாயங்காலம் ஆணியில் இருக்கும் அட்டைகள்தான் எனக்கு ஆர்டர் லிஸ்ட். இது என் மூளை இல்லை. ஜப்பானின் டொயோட்டா கார் கம்பெனியில் தாயிச்சி ஓனோ என்ற இன்ஜினியர் கான்பான் என்று கொண்டுவந்த முறையின் ஏழை வீட்டுத் தம்பி. அவருக்கும் யோசனை வந்தது அமெரிக்க சூப்பர் மார்க்கெட் அலமாரியிலிருந்துதான். கடைக்காரனிடமிருந்து போனது கடைக்காரனிடமே திரும்பியிருக்கிறது.

எளிமை என்று எது வந்தாலும் யாருக்கு எளிமை என்று பார்க்கவேண்டியிருக்கிறது. ஐந்து கோடி வரை விற்றுமுதல் இருந்தால் ஜிஎஸ்டி ரிட்டர்னை மூன்று மாசத்துக்கு ஒருமுறை போட்டால் போதும் என்று 2021 ஜனவரியில் வந்தது. ஆசையாக மாறினேன். அடுத்த மாசமே ஒரு கான்ட்ராக்டர் போனில், "என் இன்புட் எங்கண்ணே? 2பி-ல உங்க பில்லே இல்ல." என்னிடம் கட்டிய வரியை அவர் தன் வரியில் கழித்துக்கொள்வதுதான் இன்புட் கிரெடிட். அதைக் காட்டுகிற ஜிஎஸ்டி பட்டியல்தான் 2பி. ரிட்டர்ன் மூன்று மாசத்துக்கு ஒருமுறை என்றாலும் வரியை எப்படியும் மாசாமாசம் கட்டத்தான் வேண்டும். அவர் மாதிரி ஆட்களின் பில்லையும் மறுமாசம் 13-ம் தேதிக்குள் ஏற்றிவிட்டால்தான் அவர்களுக்குக் கிரெடிட் தெரியும். என் சோம்பலுக்கு அவர் ஏன் காத்திருக்க வேண்டும்? இப்போது ஏற்றிவிடுகிறேன்.

பார்கோடு மெஷினை விற்கவில்லை. ஷவர், வாஷ்பேசின் குழாய் மாதிரி டப்பாவில் வருகிற சாமானுக்கு அது அருமையாக உழைக்கிறது.

இன்னும் தீராத ஒன்று இருக்கிறது. 20 அடி பைப். கடையின் நீளமே அதற்குப் பத்தவில்லை, ரோட்டில் வைத்துத்தான் அறுக்கிறோம், ஆட்டோக்காரர்கள் ஏசிவிட்டுப் போகிறார்கள். சின்னக் கடையில் இதற்கு யாராவது வழி கண்டிருந்தால் கமெண்டில் போட்டோ போடுங்கள். பெரியவரிடம் இன்னும் கேட்கவில்லை, நாளைக்குக் கேட்கிறேன்.