ஆமாம், அது பலூன் சுடுகிற துப்பாக்கிதான்

துப்பாக்கி சுடப் பழகுகிற இடத்தில் ஒரு பயிற்சியாளர் என் பழைய காற்றுத் துப்பாக்கியைக் கேலி செய்கிற நாற்பது வினாடி வீடியோ. பார்க்காதவர்கள் இந்நேரம் இருக்க மாட்டீர்கள். எங்கள் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் மூன்று பேர் அதை எனக்கே அனுப்பி, “ஆச்சி, இது நீங்கள்தானே?” என்று கேட்டார்கள். நானேதான். அந்தக் கண்டாங்கிச் சேலை என்னுடையது, கையில் இருப்பது என் ஐயாவின், அதாவது தாத்தாவின், துப்பாக்கி. பின்னால் கேட்கிற சிரிப்பு மட்டும் என்னுடையது இல்லை.

எந்த இடம், எந்தப் பயிற்சியாளர் என்று உள்பெட்டியில் வந்து கேட்பவர்களுக்கு: சொல்ல மாட்டேன். பெயரைச் சொல்லி அந்தத் தம்பியின் பிழைப்பில் மண் போட எனக்கு விருப்பம் இல்லை. “ஆச்சி, இது திருவிழாவில் பலூன் சுடுகிற துப்பாக்கி. இங்கே போட்டிக்குப் போகிற பிள்ளைகள் பழகுகிறார்கள்” என்று அவர் சொன்னார். பக்கத்தில் வந்து மெதுவாகச் சொல்லியிருக்கலாம். எட்டுப் பிள்ளைகள் வரிசையாக நிற்க, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். நான் பதில் பேசாமல் துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு எப்போதும் இப்படித்தான். வாசலில் சொல்லியிருக்க வேண்டிய பதில் வீட்டுக்கு வந்து குழம்பு தாளிக்கும்போதுதான் நினைவுக்கு வரும்.

அந்தப் பதில் இதுதான். நான் சுடுவது எனக்குப் பிடித்திருப்பதால். பதக்கத்துக்காக இல்லை, திருடனுக்குப் பயந்து இல்லை, வீரமங்கை என்று நாலு பேர் சொல்வதற்காகவும் இல்லை. பிடித்திருக்கிறது, சுடுகிறேன். காலையில் எழுந்து வாசலில் கோலம் போடுகிறவளிடம் எந்தப் போட்டிக்குப் பழகுகிறாய் என்று யாராவது கேட்கிறார்களா?

ஐயா ரங்கூனில் கொண்டுவிற்றவர், அதாவது கடல் கடந்து போய்த் தொழில் செய்தவர். யுத்தத்துக்கு முன்பு அங்கிருந்து கொண்டுவந்த சாமான்களில் தேக்கு அலமாரியும் பீங்கான் ஜாடியும் பங்கு பிரித்ததில் நாலு வீட்டுக்குப் போய்விட்டன. யாரும் கேட்காமல் மிஞ்சியது டயானா என்கிற இந்த ஜெர்மன் காற்றுத் துப்பாக்கி. அதன் உலோகத்தில் ஒரு பெண் உருவம் பொறித்திருக்கும். வேட்டைத் தெய்வமாம். ஒரு கையில் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருப்பாள். பழைய வில்லை வேண்டாம் என்று கீழே எறிந்திருப்பாள். பத்து வயதில் நான் அந்தப் பெண்ணைத்தான் முதலில் பார்த்தேன், துப்பாக்கியைப் பிறகுதான் பார்த்தேன். “பெண் பிள்ளைக்கு எதற்கு இது?” என்று அப்பத்தா கேட்டதற்கு, ஐயா அந்த உருவத்தின் மேல் விரலை வைத்துக் காட்டியது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

இது ஸ்பிரிங் துப்பாக்கி. குழலைப் பிடித்துக் கீழ்நோக்கி மடித்தால் உள்ளே ஸ்பிரிங் சுருங்குவது தோள்பட்டை வரை தெரியும். அது கொக்கியில் மாட்டிக்கொண்ட சத்தம் கேட்டபின், குழலின் பின்வாயில் ரவையை, அதாவது சின்ன ஈயக் குண்டை, வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி மூட வேண்டும். விசையை அழுத்தினால் பிஸ்டன் முன்னால் பாய்ந்து காற்றை நசுக்கும். நசுங்கிய காற்று ரவையைத் தள்ளும். ரவை குழலைவிட்டுப் போவதற்குள் துப்பாக்கி ஒரு உலுக்கு உலுக்கிவிடும், முதலில் பின்னுக்கு, உடனே முன்னுக்கு. இறுக்கிப் பிடித்தீர்கள் என்றால் குறி எங்கோ போகும். பிறந்த குழந்தையின் தலையைத் தாங்குகிற மாதிரி உள்ளங்கையில் கிடக்க விட்டு, அதன் போக்கில் அதை உலுங்க விட வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

அந்தப் பிள்ளைகள் வைத்திருப்பது வேறு வகை. உருளையில் 200 பார் அழுத்தம் வரை காற்றை முன்பே அடைத்து வைத்திருப்பார்கள். உலுக்கல் என்பதே இல்லை. விசை நினைத்த மாத்திரத்தில் இறங்கும். நானும் ஒருவருடையதை வாங்கிச் சுட்டுப் பார்த்திருக்கிறேன். அருமையான துப்பாக்கி. வெளிநாட்டுப் போட்டித் துப்பாக்கி இரண்டு லட்சத்துக்கு மேல். கொடுத்த காசுக்குத் தகுதியானதுதான், மறுக்கவில்லை. எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் கைத்துப்பாக்கியில் எலக்ட்ரானிக் விசை பழுதாகி, அந்தப் பெண் சுட முடியாமல் நின்றதை நாடே பார்த்தது. என் டயானாவில் பழுதாவதற்கு எலக்ட்ரானிக் ஒன்றும் கிடையாது. (இது நியாயமான ஒப்பீடு இல்லை என்று எனக்கே தெரியும். அதே பெண் 2024இல் பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கிவிட்டார். கோபத்தில் எழுதுகிறேன், விடுங்கள்.)

என் துப்பாக்கியில் ஆகிற பழுது எல்லாம் பிஸ்டனில் காற்று கசியாமல் அடைக்கிற தோல் வாஷர்தான். அதற்கு எங்கள் காரைக்குடியில் மகர்நோன்புப் பொட்டல் பக்கம் செருப்புத் தைக்கிற பெரியவர் இருக்கிறார். பழைய வாஷரைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, அளவுகோல் இல்லாமல் வெட்டிக் கொடுப்பார். எண்ணெய் இரண்டு சொட்டுக்கு மேல் விட்டால் அன்று முழுக்கப் புகையும் வேட்டுச் சத்தமும்தான்.

இனி பலூனுக்கு வருகிறேன். கொப்புடையம்மன் கோயில் செவ்வாய்த் திருவிழாவுக்கு ஐயா என்னைக் கூட்டிக்கொண்டு போவார். பலகையில் வரிசை வரிசையாகப் பலூன், முன்னால் மேசை, மேசையில் துப்பாக்கி. கடைக்காரர்கள் குழல் முனையில் இருக்கிற குறிமுள்ளைச் சற்று வளைத்து வைத்திருப்பார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். ஐயா காசு கொடுக்கும் முன் என் காதில், “முதல் ரவை பலூனுக்கு இல்லை, பலகைக்கு” என்பார். முதல் ரவையைப் பலகையின் வெற்றிடத்தில் சுட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளிப் போகிறது என்று பார்த்துக்கொள்வேன். இடப்பக்கம் நாலு விரல் போனால், அடுத்தது வலப்பக்கம் நாலு விரல். மிச்சம் ஒன்பதில் எட்டு உடைத்த வருடமும் உண்டு. கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஆகவே தம்பி, நீங்கள் திட்டியதாக நினைத்த வார்த்தை எனக்கு வசவு இல்லை. பலூன் கடைதான் என் பள்ளிக்கூடம். வளைந்த குறியோடு சுடப் பழகியவளுக்கு நேரான குறி பெரிய விஷயமா?

வீடியோவுக்குக் கீழே வந்தவற்றில் சிலதைப் பார்ப்போம். “லைசென்ஸ் இருக்கிறதா?” என்று எழுபது பேராவது கேட்டிருக்கிறார்கள். 2016 ஆயுத விதிகளின்படி, குழலின் துளை 0.177 அங்குலத்துக்கு மேற்படாமலும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாமலும் இருந்தால் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. என்னுடையது இரண்டுக்கும் உள்ளே. “அமெரிக்காவைப் பாருங்கள், துப்பாக்கிக் கலாச்சாரம்” என்று ஒருவர். பார்த்தேன். நான் சுடுகிற இடமான எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில், அதாவது பின்கட்டில், அமெரிக்கா இல்லை.

“பணக்கார விளையாட்டு” என்று ஒரு நண்பர் எழுதியது மட்டும் கொஞ்சம் சுட்டது. ஒரு டப்பா ரவை எனக்கு ஒன்றரை மாதம் வருகிறது. கல்யாணத்துக்குக் கல்யாணம் இலையில் பதார்த்தத்தின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிற ஊரில், என் ரவை டப்பாதான் இவர் கண்ணை உறுத்துகிறது. ஆபத்து என்கிறார்கள். சிராவயல் மஞ்சுவிரட்டில் மாடு முட்டி ஆள் போனால் அது வீரம்; நான் களிமண் அடைத்த பெட்டியைச் சுட்டால் ஆபத்து. (நான் மஞ்சுவிரட்டுக்கு எதிரி இல்லை. அதற்கும் கிளம்பி வந்துவிடாதீர்கள்.) ரவை ஏற்றுவதற்கு முன் இரண்டாங்கட்டின் கதவு மூன்றையும் தாழ் போட்டுவிடுவேன், குழல் எப்போதும் பெட்டியைத்தான் பார்க்கும், குறி வைக்கும் வரை விரல் விசைக்குள் போகாது. ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் தண்ணீர்ச் செம்பைக்கூடத் தொட மாட்டேன்.

“பறவையைக் கொல்கிறவள்” என்று ஒரு பெண் எழுதியிருக்கிறாள். இதற்கு மட்டும் கேலியாகப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பதினோரு வயதில் ஒரே ஒருமுறை. கிணற்றடி முருங்கையில் தவிட்டுக்குருவிகள் ஏழெட்டு உட்கார்ந்திருந்தன. விழாது என்றுதான் நினைத்தேன். விழுந்தது. மற்றவை பறந்து போகும் என்று எதிர்பார்த்தேன், போகவில்லை. கீழ்க்கிளைக்கு இறங்கி வந்து, அதைச் சுற்றிச் சுற்றிக் கத்தின. ஐயா வந்து பார்த்தார். அடிக்கவில்லை, திட்டவில்லை. துப்பாக்கியை என் கையிலிருந்து வாங்கிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார். சாவி ஒரு வருடம் அவர் இடுப்பிலேயே இருந்தது. அந்த வருடத் திருவிழாவில் பலூன் கடையைத் தாண்டும்போது இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அதன்பிறகு காகிதம், பலூன், தகர டப்பா தவிர வேறொன்றை நான் குறி வைத்ததில்லை. வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்குக்கூட வெடி போடாமல் இருக்கிற கொள்ளுக்குடிப்பட்டி இங்கிருந்து அதிக தூரம் இல்லை. அந்தப் பெண் கேட்டது சரியான கேள்விதான். வீடியோவில் கேட்கத் தெரியாமல் சிரித்தவர்களைவிட அவள் மேல்.

காற்றுத் துப்பாக்கி தவிர வேறு தெரியாது என்றும் நினைக்க வேண்டாம். கல்லூரியில் என்.சி.சி. பிள்ளைகளாகப் பாயிண்ட் டூ டூ ரைபிளை 25 கெஜத்தில் படுத்துச் சுட்டிருக்கிறோம்; ஆளுக்கு ஐந்து தோட்டா, அந்த மருந்து வாசனை சாயங்காலம் வரை கையில் இருக்கும். பிடித்திருந்தது. உறவினர் ஒருவரின் 12 போர் இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கியை ஒருமுறை வெடித்தேன். தோள் நாலு நாள் நீலம். பக்கத்துப் புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் பறக்கிற களிமண் தட்டைச் சுட்டுப் பாரிஸ் ஒலிம்பிக் வரை போய் வந்தார். பெருமையாக இருக்கிறது. ஆனால் அந்தச் சத்தம் எனக்கு வேண்டாம். எனக்குப் பிடித்தது பத்து மீட்டர், காகித அட்டை, தனிமை.

பத்து மீட்டர்தானே என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். அட்டையில் பத்து மதிப்பெண் என்பது நடுவில் இருக்கிற அரை மில்லிமீட்டர் புள்ளி. ரவையே 4.5 மில்லிமீட்டர், புள்ளியைப் போல ஒன்பது மடங்கு. முன் குறிமுள்ளைத் தெளிவாகப் பார்க்க வேண்டும், அப்போது கறுப்பு வட்டம் மங்கலாகும். ஆசைப்பட்டு வட்டத்தைப் பார்த்தால் முள் மங்கும். எனக்கு வெள்ளெழுத்து வேறு. பாதி மூச்சை விட்டு நிறுத்தினால் குறிமுள் லேசாகத் துடிக்கும். துடிப்பது முள் இல்லை, நெஞ்சு. இரண்டு துடிப்புக்கு நடுவே விசை தானாக இறங்கினால், அட்டையில் பஞ்ச் மெஷின் போட்டது போல வட்டமாக ஒரு ஓட்டை. பத்து ரவையில் எழுபதைத் தாண்டினால் அன்று எனக்குத் தீபாவளி. அந்தப் பிள்ளைகள் நூறுக்குச் சுடுகிறார்கள், வாழ்க. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கண் கலங்கியவள் நான். போட்டிக்குப் போகிறவர்களை நான் ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னதில்லை. அவர்களில் ஒருவர் என்னைச் சொன்னார், அதுதான்.

எங்கள் வீட்டில் பதினோரு புள்ளி, அதாவது பங்குள்ள பதினோரு குடும்பம். பத்துப் புள்ளிக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். முன்னோரைக் கும்பிடுகிற படைப்புக்கு வருவார்கள், மறுநாள் கார் ஏறுவார்கள். முகப்பு, வளவு, பட்டாலை என்று வீட்டின் முன்பகுதி எல்லாம் பூட்டு. இரண்டாங்கட்டு அடுப்படி வாசலிலிருந்து கிணற்றுச் சுவர் வரை அளந்தால் பத்து மீட்டர் நாற்பது சென்டிமீட்டர். ஆத்தங்குடித் தரைக்கல்லில் சாக்கட்டியால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். காலை ஆறரைக்கு அந்த வீட்டில் கேட்கிற மனிதச் சத்தம் நான் சுடுகிற சத்தம் ஒன்றுதான். போன வருடம் முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைக்காரர் ஒருவர் வந்து, ஊஞ்சல் சங்கிலியையும் துப்பாக்கியையும் சேர்த்து விலை கேட்டார். தம்பி போனில், “கொடுத்துவிடேன் அக்கா, உனக்கு எதற்கு?” என்றான். உனக்கு எதற்கு, உனக்கு எதற்கு. வீடியோவில் கேட்ட சிரிப்பும் அதையேதான் கேட்டது. சங்கிலியைக் கொடுத்தேன்.

அந்த இடத்துக்கு இனிப் போக மாட்டேன். கட்டிய சந்தாவைத் திருப்பிக் கேட்கவும் மாட்டேன். பயிற்சியாளர் தம்பி இதைப் படிப்பார் என்று தெரியும். வீடியோ எடுத்த பையனே அவருக்கு அனுப்புவான். தம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். உங்கள் துப்பாக்கியை உறையிலேயே வைத்துவிட்டு, என்னுடையதில் பத்து ரவை சுடுங்கள். காபி உண்டு, வெள்ளைப் பணியாரம் உண்டு. பலூன் நான் வாங்கி வைக்கிறேன்.