விரிவுரையோடு முடிகிற விடயமா?
மருத்துவ மாணவர்களுக்குப் பால்புதுமையினரின் (தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றோரின்) உடல்நலம் பற்றி ஒரு விரிவுரையாவது வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. வேண்டும்தான். ஆனால் ஒன்று போதாது. நான் தாதியாக வேலை செய்தவள். அடையாள அட்டையிலுள்ள ஆண் பெயரை உரக்கக் கூப்பிட்டதும், சேலையோடு எழுந்த திருநங்கையை வரிசையே திரும்பிப் பார்த்ததைக் கண்டிருக்கிறேன். அப்படிப்பட்டவர் பிறகு காய்ச்சலுக்குக்கூட வரமாட்டார். ஹோர்மோன் மாத்திரையையும் யாரிடமாவது கேட்டு வாங்கி விழுங்குவார். அதிலுள்ள பெண் ஹோர்மோனான ஈஸ்ட்ரஜன் இரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டலாம் என்று அவருக்கு யார் சொல்வது?

தன்பாலீர்ப்பை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது 1990இல். திருநர் தம் ஆவணங்களில் பாலினத்தை மாற்ற உதவும் பாலின அங்கீகாரச் சான்றிதழுக்கான சுற்றறிக்கையை நமது இலங்கைச் சுகாதார அமைச்சு வெளியிட்டது 2016இல். இன்னமும், தன்பாலினப் பாலுறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டத்தின் 365அ பிரிவைக் காட்டித் தயங்குபவர்கள் உண்டு. நோயாளியைப் பார்க்காதே என்று அந்தப் பிரிவு எந்த வைத்தியரிடமும் சொல்லவில்லையே!

மட்டக்களப்பு போன்ற ஊரில் இன்னொரு சிக்கல்: வார்டில் யாராவது ஒருவர் சொந்தக்காரராக இருப்பார். 'கலியாணம் முடித்துவிட்டீர்களா?' என்று எல்லோர் முன்னும் கேட்டால் யார் உண்மை சொல்வார்? திரைக்குப் பின்னால், தாழ்ந்த குரலில் கேட்க மாணவர்களைப் பழக்குங்கள். பெயர் கூப்பிடும் சிற்றூழியர்களையும் அதே வகுப்பில் உட்கார வையுங்கள்.